திரும்பி வந்தவளுக்கு ஒரு வாசல்

1971 டிசம்பர் 16 மாலை டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், பாகிஸ்தான் படையின் கிழக்குப் பகுதித் தலைவர் நியாஜி, இந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவின் பக்கத்தில் அமர்ந்து சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 93,000 பேர் கைதிகளானார்கள். வங்கதேசம் பிறந்தது. வரலாற்றுப் புத்தகங்களில் அந்தப் போர் அந்தக் கையெழுத்தோடு முடிகிறது.

அதே நாட்களில் ராணுவ முகாம்களிலிருந்தும் பதுங்குகுழிகளிலிருந்தும் பெண்கள் வெளியே வந்தார்கள். மார்ச் 25 நள்ளிரவில் பாகிஸ்தான் படை தொடங்கிய ஒடுக்குமுறையின்போது பிடித்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். பல மாதங்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். வேறு பலர் எங்கும் கொண்டுசெல்லப்படவில்லை. தங்கள் வீட்டுக்குள்ளேயே, பெற்றவர்கள் முன்னால், கணவர் முன்னால் சிதைக்கப்பட்டவர்கள். நைபுதீன் அகமது எடுத்த ஒரு புகைப்படம் அந்தக் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதில் ஒரு பெண் நிற்கிறார். அவிழ்ந்த கூந்தலும் இறுக மூடிய இரண்டு கைகளும் அவர் முகத்தை முழுவதும் மறைத்திருக்கின்றன. போர் முடிந்தது, விடுதலை வந்தது, முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியவளாகப் பெண் நின்றாள். அவளை அப்படி ஆக்கியவனின் முகத்தை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

முகாம்களுக்குள் என்ன நடந்தது என்பதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அவை எழுதப்பட்டிருக்கின்றன, தேடுபவர்களுக்குக் கிடைக்கும். அந்தக் கொடுமைகளைப் படிக்கும்போது நம் கோபம் எதிரிப்படையின் மேல் போய் நின்றுகொள்கிறது, அதோடு நம் கடமை தீர்ந்ததாகவும் ஆகிவிடுகிறது. படை போன பிறகு அந்தப் பெண்களோடு எஞ்சியிருந்தவர்கள் அப்பா, அண்ணன், கணவர், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், ஊர்ப் பெரியவர். அதாவது நம்மைப் போன்றவர்கள். நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதுதான் வாழ்வியல் கேள்வி.

எத்தனை பேர் என்று முதலில் கேட்பார்கள். வங்கதேச அரசு இரண்டு லட்சம் என்கிறது. நான்கு லட்சம் என்பவர்கள் உண்டு, இரண்டையும் மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. எண்ணிக்கையைச் சரிபார்ப்பது வரலாற்றாசிரியர்களின் வேலை, அது நடக்கட்டும். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கணக்கு வழக்கிலேயே நின்றுகொண்டு, எண்ணப்பட்டவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்காமலேயே போனவர்கள் ஏராளம். சரியான எண் கிடைக்கும் வரை ஒரு மனுஷிக்குச் சோறு போடாமல் காத்திருக்க முடியாது.

புதிய அரசு வேகமாகத்தான் செயல்பட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். போர் முடிந்த ஆறாம் நாளே, வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் அனைவரும் 'பீராங்கனா', வீரப்பெண்கள், என்று அமைச்சர் கமருஸ்ஸமான் அறிவித்தார். உலக வரலாற்றில் ஓர் அரசு இப்படிப்பட்ட பெண்களுக்குப் பகிரங்கமாக மரியாதை அறிவித்தது அதற்கு முன் நடந்ததாகத் தெரியவில்லை. புதிய நாட்டின் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் அவர்களைத் தன் மகள்கள் என்றார். அப்பா பெயர் கேட்டால் என் பெயரை எழுதுங்கள், முகவரி கேட்டால் தான்மண்டி 32ஆம் எண் சாலையிலுள்ள என் வீடு என்று சொல்லுங்கள் என்று அவர் சொன்னதாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1972இல் மறுவாழ்வு வாரியம் அமைந்தது. தையல், தட்டச்சு, கைத்தொழில் கற்றுத்தரும் மையங்கள் திறந்தன. அரசு வேலைகளில் போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 10 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது.

இத்தனையும் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டவை. எனினும் அந்த ஒதுக்கீட்டை எண்ணிப் பாருங்கள். அதைப் பெற ஒரு பெண் அரசு அலுவலகத்துக்குப் போய், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆணிடம், எனக்கு இது நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளம் வாங்கும் ஒவ்வொரு மாதமும் சக ஊழியர்களுக்கு அவள் எந்த வழியில் வந்தவள் என்று தெரிந்திருக்கும். ஊர் வாயை மூடாமல் சலுகையை மட்டும் திறந்து வைத்தால் அந்தக் கதவுக்குள் யார் நுழைவார்கள்?

கல்யாணம் செய்துவைக்கும் முயற்சியும் நடந்தது. இந்தப் பெண்களை மணக்க முன்வாருங்கள் என்று இளைஞர்களுக்கு அழைப்பு விடப்பட்டது. முன்வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலர் விலை பேசினார்கள். புதிய ஜப்பான் கார் வேண்டும் என்று கேட்டவர் ஒருவர். அச்சேறாத தன் கவிதைகளை வெளியிட்டுத் தரவேண்டும் என்று கேட்டவர் இன்னொருவர் என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் பிரவுன்மில்லர் 1975இல் வெளிவந்த தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். நாடே மகள் என்று கொண்டாடிய பெண்ணுக்கு மாப்பிள்ளை சந்தையில் கிடைத்த மதிப்பு அதுதான். வரதட்சணையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நமக்கு இதைக் கேட்டு ஆச்சரியப்பட உரிமையில்லை.

பிறகு குழந்தைகள். இதுதான் அந்த வரலாற்றில் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியாத பகுதி. முகாமிலிருந்து கர்ப்பத்தோடு வந்தவர்களுக்காகக் கருக்கலைப்பு மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. சிட்னியிலிருந்து ஜெஃப்ரி டேவிஸ் என்ற மருத்துவர் வந்து 1972இல் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்தார். மாதம் கடந்துவிட்டவர்களுக்கும் சிகிச்சை நடந்தது. விருப்பத்தோடு வந்தவர்கள் பலர். குழந்தை பிறந்திருந்தால் அந்தப் பெண்களுக்கு வாழ்க்கையே இருந்திருக்காது, அதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் விருப்பம் என்ன என்று யாராவது கேட்டார்களா என்பது வேறு கேள்வி. பிறந்துவிட்ட குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதற்கென்றே அரசு 1972இல் தனி ஆணை பிறப்பித்தது. அந்த ஆண்டு ஜூலையில் 15 குழந்தைகள் கனடாவுக்குப் போனார்கள். வேறு நாடுகளுக்கும் போனார்கள்.

டாக்கா பல்கலைக்கழகத்தில் வங்க இலக்கியம் கற்பித்த நீலிமா இப்ராஹிம் மறுவாழ்வு மையத்தில் வேலை செய்தவர். இந்தக் குழந்தைகளை என்ன செய்வது என்று அவர் முஜிபிடம் கேட்டார். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் மரியாதையோடு வளரட்டும் என்று முஜிப் சொன்னாராம். அதோடு, அந்தக் கெட்ட ரத்தம் இந்த நாட்டில் வேண்டாம் என்ற பொருளிலும் சொன்னாராம். நீலிமா இதை எழுதி வைத்திருக்கிறார். தாயை மகள் என்று அணைத்த அதே மனிதரின் கை, பேரனைத் தள்ளிவிட்டது. அவரைத் தனியாகக் குறை சொல்ல நான் இதை எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அங்கே வளர்ந்திருந்தால் ஊர் அவர்களை என்ன செய்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ரத்தத்தில் குற்றம் ஓடும் என்று நம்பியவன்தான் வங்காளிகளின் ரத்தத்தை மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அந்தக் கொடுமையைச் செய்தவனும். அவனுடைய நம்பிக்கையை வென்றவர்களும் வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பெண்களைப் பற்றி நீலிமா எழுதிய நூலில் இன்னொரு செய்தி உண்டு. பாகிஸ்தான் போர்க்கைதிகள் இந்தியாவுக்குக் கொண்டுபோகப்பட்டபோது, முப்பது நாற்பது வங்காளிப் பெண்கள் அவர்களோடு போவதற்குத் தயாராக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் ஓடினார். போகவேண்டாம் என்று கெஞ்சினார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். இங்கே இருந்தால் நீங்கள் எங்களைச் சேர்த்துக்கொள்வீர்களா என்பதே அவர்களின் வாதம். தன்னைச் சிதைத்தவனின் நாட்டுக்குப் போவது, தன்னைப் பெற்றவனின் வீட்டுக்குப் போவதைவிடப் பாதுகாப்பு என்று ஒரு பெண் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு தவறு என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

படைகள் ஏன் இதைச் செய்கின்றன என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: வெறி, கட்டுப்பாடின்மை, பழிவாங்கல், மேலிடத்துக் கட்டளை, தண்டனை இல்லை என்ற தைரியம். எல்லாமே உண்மைதான். ஆயினும் திட்டமிட்டு இதை ஓர் ஆயுதமாக எடுப்பவன் ஒன்றை உறுதியாக நம்புகிறான். தான் போன பிறகு மீதி வேலையை அவளுடைய சொந்த ஊரே செய்து முடிக்கும் என்று நம்புகிறான். கணவன் விலக்குவான், மாமியார் அடுப்படிக்குள் விடமாட்டாள், தம்பிக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், தகப்பன் தெருவில் தலை குனிந்து நடப்பான், கடைசியில் அந்தச் சமூகமே உள்ளுக்குள் உடையும் என்று அவனுக்குத் தெரியும். குடும்ப மானத்தைப் பெண்ணின் உடம்பில் கொண்டுபோய் வைத்தவர்கள் நாம். எங்கே அடித்தால் வலிக்கும் என்பதை நம்மிடமிருந்துதான் அவன் கற்றுக்கொண்டான். அவள் திரும்பி வரும்போது வீடு அவளை ஒன்றும் கேட்காமல் உள்ளே அழைத்துக்கொள்ளும் என்றால் அவனுடைய ஆயுதத்தின் பாதிக் கூர்மை அன்றே மழுங்கிப்போகும்.

சட்டத்தை எழுதியவர்களும் நெடுநாள் இந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள். 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் பெண்களை வல்லுறவிலிருந்து காக்கச் சொல்கிறது. ஆனால் அதை அவர்களின் கௌரவத்தின் மேல் நடக்கும் தாக்குதலாகவே வகைப்படுத்தியது. உடம்பின் மேல், உயிரின் மேல் நடந்த குற்றமாக அதை முன்வைக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்துத்தான் மாற்றம் வந்தது. ருவாண்டாவில் தாபா என்ற ஊரின் மேயராக இருந்த அகாயேசுவின் மேல் சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்கு நடந்தபோது, முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை இடம்பெறவே இல்லை. வேறு எதையோ பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். அதைக் கேட்டு அடுத்த கேள்விக்குப் போகாமல் நீதிமன்றம் நின்றது. மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்தில், பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, வல்லுறவு இனப்படுகொலையின் கருவியாக இருக்க முடியும் என்று உலகில் முதல்முறையாக நிறுவியது. யாரோ ஒருவர் நின்று கேட்டதால் வந்த தீர்ப்பு அது.

கேட்பதிலும் அறம் தவறலாம். அதற்கும் வங்கதேசத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது.

1992 மார்ச் 26 அன்று எழுத்தாளர் ஜஹானாரா இமாம் தலைமையில் டாக்காவில் மக்கள் நீதிமன்றம் ஒன்று கூடியது. பாகிஸ்தான் படைக்குத் துணைபோனவர்களைத் தண்டிக்க வேண்டும் என்ற நியாயமான கோரிக்கை. லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். அங்கே சாட்சி சொல்ல, 1971இல் வன்கொடுமைக்கு ஆளான மூன்று ஏழைப் பெண்கள் குஷ்டியா மாவட்டத்துக் கிராமத்திலிருந்து அழைத்து வரப்பட்டார்கள். அவர்களின் படம் செய்தித்தாள்களில் வந்தது. அந்தத் தாள்கள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தன. நயனிகா முகர்ஜி என்ற மானுடவியலாளர் பின்னர் அந்தப் பகுதியில் தங்கி ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். ஊருக்கு அந்தப் பெண்களைப் பற்றி முன்பே தெரியும். தெரிந்தும் இருபது ஆண்டுகள் யாரும் வாய்விட்டுப் பேசாமல் இருந்தார்கள். படம் வந்த பிறகுதான் வாய்கள் திறந்தன. குழாயடியில், வயல் வரப்பில், சின்னச் சண்டையில் எல்லாம் அதையே எடுத்துக் குத்திக்காட்டினார்கள். பிள்ளைகளின் காதில் விழுந்தது. ஊர் மானத்தைப் பட்டணத்தில் போய் விற்றுவிட்டாள் என்ற பேச்சு கிளம்பியது. உதவி கிடைக்கும் என்று நம்பிப் போனவர்களுக்குக் கிடைத்தது இதுதான்.

அந்த ஆய்வில் என் மனத்தை மிகவும் அசைத்தது வேறொரு விஷயம். இப்படிப்பட்ட பெண்கள் அனைவரும் கணவரால் கைவிடப்பட்டவர்கள், தனித்து வாடியவர்கள் என்றே நாம் கற்பனை செய்து வைத்திருக்கிறோம். அந்தக் கிராமத்துப் பெண்கள் கணவரோடுதான் வாழ்ந்தார்கள். 1971க்குப் பிறகும் சேர்ந்து வயல் வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள், கோழி வளர்த்தார்கள், சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள். ஊருக்கு முன் தங்கள் மனைவியை விட்டுக்கொடுக்காமல் வாழ்ந்துவிட்ட அந்த நிலமில்லாத உழவர்களின் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் எல்லோரும் தெய்வங்கள் என்று சொல்லவரவில்லை. கோபமும் மனத்தாங்கலும் அந்த வீடுகளிலும் இருந்தன. ஆனாலும் வாசலை அடைக்கவில்லை. படித்த நகரத்துக் குடும்பங்கள் பல அடைத்தன.

சாட்சி சொல்ல அழைத்தவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் ஒரு பெண்ணின் துயரத்தை நம் நியாயத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டு, கூட்டம் கலைந்ததும் அவளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுவது அவளை இரண்டாம் முறை பயன்படுத்துவதாகும். அவளைப் பேசவிடாமல் வைப்பது ஒரு கொடுமை. அவள் பேசியே ஆகவேண்டும் என்று இழுத்துவருவது இன்னொன்று. எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அவள் முடிவு. நாளைக்கு அவள் பால் வாங்கப் போகும் தெருவில் அந்தச் சொல் அவளுக்கு என்ன செய்யும் என்பதை யோசித்து வைப்பது நம் பொறுப்பு. பத்திரிகைக்காரர்களுக்கும் இயக்கத்தவர்களுக்கும் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீலிமா இப்ராஹிம் 'அமி பீராங்கனா போல்ச்சி' என்ற தலைப்பில் இந்தப் பெண்களின் கதைகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். மூன்றாவது தொகுதியை வெளியிடவில்லை. சமூகம் இன்னும் மாறவில்லை, அந்தப் பெண்களை மறுபடியும் அவமானத்துக்கு ஆளாக்க மனமில்லை என்று நிறுத்திக்கொண்டார். எழுதாமல் விட்டதும் அவருடைய அறச்செயல் என்றே நான் கருதுகிறேன்.

தானாகவே பேசியவரும் ஒருவர் உண்டு. ஃபெர்தௌசி பிரியபாஷினி 1971இல் குல்னாவில் இருந்த இளம்பெண். குடும்பத்தைக் காப்பாற்றச் சணல் ஆலையில் வேலை பார்த்தவர். போர் முடிந்த பிறகு அவர் சந்தித்த ஏச்சும் ஏளனமும் நீண்டகாலம் தொடர்ந்தன. 1999இல், தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல், நடந்ததை நாட்டுக்குச் சொன்னார். வசதியும் கல்வியும் உள்ள குடும்பங்களிலிருந்து அப்படி வெளியே வந்து பேசியவர் அதற்கு முன் அரிது. அதற்குள் அவர் பெயர்பெற்ற சிற்பியாக ஆகியிருந்தார். காய்ந்த வேர், உளுத்த மரத்துண்டு, ஓடை ஒதுக்கிய கட்டை, அடுப்புக்குப் போகவேண்டிய விறகு ஆகியவற்றை எடுத்துவந்து, அவற்றின் இயல்பான வளைவை அதிகம் வெட்டாமல், உள்ளே இருக்கும் உருவத்தை வெளியே கொண்டுவருவார். 2010இல் நாட்டின் உயரிய சுதந்திர விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2018 மார்ச்சில் காலமானார்.

வங்கதேசத்துக் கதையை இத்தோடு விட்டால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். அதே 1971இல், உருது பேசும் பிஹாரிக் குடும்பத்துப் பெண்களும் வன்கொடுமைக்கு ஆளானார்கள். செய்தவர்களில் வங்காளிகள் இருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு வீரப்பெண் என்ற பட்டமும் இல்லை, மறுவாழ்வு மையமும் இல்லை, நினைவுநாளும் இல்லை. வரலாற்றாசிரியர் யாஸ்மின் சைக்கியா அவர்களையும் தேடிச் சென்று கேட்டு எழுதினார். நம் பக்கத்துப் பெண்ணுக்கு நேர்ந்தால் கொடுமை, அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு நேர்ந்தால் போர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லும் நாக்கு எல்லாச் சமூகத்திலும் உண்டு. அந்த நாக்கு உள்ளவரை நாம் கண்டிப்பது குற்றத்தை இல்லை, எதிரியைத்தான்.

இரு பக்கத்துக் குற்றத்தையும் ஒரே கண்ணோடு பார்த்ததில் கொரியாவின் கிம் போக்டாங் என்ற மூதாட்டிக்கு நிகராக எனக்கு வேறு யாரும் தென்படவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியப் படையின் பாலியல் அடிமையாகப் பதினான்கு வயதில் கொண்டுபோகப்பட்டவர். போருக்குப் பிறகு வீடு திரும்பி, கல்யாணம் செய்துகொள் என்று வற்புறுத்திய அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அந்த வேதனை தாங்காமலே அம்மா இறந்தார் என்று அவர் நம்பினார். பிறகு நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 1991 ஆகஸ்டில் அதே கொடுமைக்கு ஆளான கிம் ஹாக்சுன் சியோலில் முதன்முதலாக அதைப் பற்றிப் பேசிய பிறகு, இவரும் முன்வந்தார். 1992 ஜனவரி முதல் சியோலில் ஜப்பானியத் தூதரகத்தின் முன் புதன்கிழமைதோறும் நடந்த போராட்டத்தில் வயதான காலத்திலும் வந்து உட்கார்ந்தார். 2012இல் அவரும் தோழி கில் வோன்ஓக்கும் சேர்ந்து 'பட்டாம்பூச்சி நிதி' தொடங்கினார்கள். ஜப்பான் எப்போதாவது இழப்பீடு கொடுத்தால் அது இன்று போர்களில் சிதைக்கப்படும் பெண்களுக்குப் போகட்டும் என்றார்கள். முதலில் காங்கோ பெண்களுக்குப் போனது. பிறகு வியட்நாம் பெண்களுக்கும் போனது. வியட்நாமில் அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் அங்கே போரிடப் போன தென்கொரியச் சிப்பாய்கள். தன் நாட்டு ஆண்கள் செய்ததற்காக, அதைச் செய்யாத, அதே கொடுமையை வேறொரு படையிடம் அனுபவித்த அந்தக் கிழவி, வியட்நாம் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். தன் அரசிடமிருந்து அவர்களுக்கு நீதி கிடைக்க வேண்டும் என்றார். 2019 ஜனவரியில் இறந்தார்.

ஒரு சமூகமே மனம் மாறியதும் நம் காலத்திலேயே நடந்தது. 2014 ஆகஸ்டில் இராக்கின் சிஞ்சார் பகுதியில் ஐஎஸ் படை யாசிதி மக்களின் ஊர்களைத் தாக்கி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துச் சென்றது. பெண்களைச் சந்தையில் விற்றது. யாசிதிகளின் வழக்கம் கடுமையானது. பிற மதத்து ஆணோடு உறவு கொண்டவள், வேறு மதம் தழுவியவள், எந்தச் சூழலிலும் மீண்டும் சேர முடியாது. தப்பி வந்த பெண்கள் அந்தப் பயத்தோடுதான் வந்தார்கள். அப்போது அவர்களின் ஆன்மிகத் தலைவர் பாபா ஷேக், எண்பது வயதுப் பெரியவர், அறிவித்தார்: இவர்கள் நம் மகள்கள், எவரும் அவர்களை விலக்கக்கூடாது. லாலிஷ் கோயிலின் வெள்ளைச் சுனையில் அவர்களை நீராட்டி மறுபடியும் யாசிதிகளாக ஏற்றுக்கொண்டார்கள். பல நூற்றாண்டு விதியை ஒரு கிழவரின் சொல் தள்ளி வைத்தது. மரபை மாற்ற முடியாது, முன்னோர் வகுத்தது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாற்ற வேண்டும் என்று மனம் இருந்தால் மரபு வழிவிடுகிறது.

ஆனால் அங்கும் குழந்தைகள் இடத்தில் கால் தடுக்கியது. 2019 ஏப்ரலில் யாசிதி ஆன்மிக மன்றம் எல்லோரையும் ஏற்பதாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சில நாட்களிலேயே, ஐஎஸ் ஆண்களால் பிறந்த பிள்ளைகளை அது குறிக்காது என்று விளக்கம் வந்துவிட்டது. பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா, இல்லையென்றால் பிள்ளையோடு வெளியே இரு என்று தாயின் முன்னால் வைக்கப்பட்டது. டாக்காவில் 1972இல் வைக்கப்பட்டதும் அதுதான். இரண்டு வேறு மதம், இரண்டு வேறு மொழி, இடையில் அரை நூற்றாண்டு.

நாம் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. 1947 மார்ச்சில், பிரிவினைக் காலக் கலவரத்தின்போது, ராவல்பிண்டி பக்கத்துத் தோவா கால்சா கிராமத்தில், எதிரிகள் கையில் சிக்கக்கூடாது என்று ஏறத்தாழ தொண்ணூறு பெண்கள் கிணற்றில் குதித்து இறந்தார்கள். அவர்களைத் தியாகிகள் என்று இன்றும் போற்றுகிறார்கள். உடல்களால் கிணறு நிரம்பிவிட்டதால், குதித்தும் சாகாமல் பிழைத்தவர்கள் உண்டு. பிழைத்தவளைப் போற்ற நமக்கு ஒரு சொல்கூட இல்லை. மானம் போனால் உயிர் எதற்கு என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தே வளர்க்கிறோம்; பாட்டிலும் கதையிலும் மேடையிலும் செத்தவளுக்கே மாலை. உயிரோடு திரும்பி வந்தவள் அந்த நீதியின்படி ஏற்கெனவே ஏதோ தப்புச் செய்தவள் ஆகிவிடுகிறாள்.

ஈழத்தில் போர் நடந்த ஆண்டுகளில் நம் பெண்களுக்கு நேர்ந்ததைத் தமிழ்நாட்டு மேடைகளில் உரக்கப் பேசியிருக்கிறோம். செம்மணியில் 1996இல் பள்ளி மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமைக்கு நீதிமன்றத் தண்டனை கிடைத்தது; கணக்கில் வராமல் போனவை அதைவிடப் பல மடங்கு. பேசியது சரிதான். ஆனால் 2009க்குப் பிறகு தடுப்பு முகாம்களிலிருந்தும் புனர்வாழ்வு நிலையங்களிலிருந்தும் பெண்கள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பியபோது, உள்ளே என்ன நடந்திருக்குமோ என்று அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் யார்? சம்பந்தம் பேச வந்து, விவரம் கேட்டு எழுந்து போனவர்கள் யார்? முன்னாள் போராளி என்று தெரிந்ததும் வேலை இல்லை என்றவர்கள் யார்? இதை எந்த மேடையிலும் நாம் உரக்கப் பேசவில்லை.

வங்கதேச அரசு 2015இல் நாற்பதுக்கும் மேற்பட்ட பீராங்கனாக்களை விடுதலைப் போராளிகள் என்று முதன்முதலாக அரசிதழில் அறிவித்து, போராளிகளுக்கு உரிய மாத உதவித்தொகையை அவர்களுக்கும் கொடுத்தது. போர் முடிந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகு பட்டியல் நீண்டு சில நூறு பெயர்களை எட்டியிருக்கிறது. அரசு சொல்லும் எண்ணிக்கை இரண்டு லட்சம். மற்றவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், உயிரோடு இருப்பவர்களில் பலர் இன்னமும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தால் விசாரிக்க அதிகாரிகள் ஊருக்கு வருவார்கள்.

உங்கள் தெருவுக்கு அப்படி ஒருத்தி குடிவந்தால், எந்தப் போரிலிருந்து, எந்த முகாமிலிருந்து, எந்தக் கலவரத்திலிருந்து வந்தவளாக இருந்தாலும், அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். வீடு வாடகைக்குக் கொடுங்கள். வேலை தெரிந்தால் சேர்த்துவிடுங்கள். அவள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தகப்பன் பெயர் கேட்டு அலுவலகத்தில் நிறுத்தி வைத்தால், கூடப் போய் நில்லுங்கள். அவளாக ஒருநாள் பேச வந்தால் உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள், கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.